மூன்று நாட்டுப் பிள்ளைகளும் ஒரு வளவும்: நன்கொடையா, மரண சாதனமா, சும்மா விட்டுவிடுவதா?

ஆடி அமாவாசைத் தீர்த்தம் முடிந்து மாமாங்கத்துக் கூட்டம் கலைந்த அடுத்த கிழமை, மட்டக்களப்பு நகரத்தில் உறுதி எழுதும் நொத்தாரிசு அலுவலகங்களில் உட்காரக் கதிரை கிடைக்காது. விடுமுறையில் வந்த பிள்ளைகள் ஊர் திரும்ப ஏழெட்டு நாள்தான் இருக்கும். அதற்குள் அம்மாவின் காணிகளை "ஒரு ஒழுங்குக்குக் கொண்டுவந்துவிட" வேண்டும். இருபது வருடத்துக்கு மேல் ஒரு நொத்தாரிசிடம் எழுத்தராக இருந்தேன். அந்த ஏழு நாளில் எழுதிய உறுதிகளுக்காகப் பதினைந்து வருடம் நீதிமன்றப் படி ஏறியவர்களையும் பார்த்திருக்கிறேன். நான் சட்டத்தரணி இல்லை. கடைசிக் கையெழுத்துக்கு முன் ஒரு சட்டத்தரணியையும், பிள்ளை இருக்கும் நாட்டில் ஒரு கணக்காளரையும் கேட்பது உங்கள் பொறுப்பு. அவர்களிடம் என்ன கேட்க வேண்டும் என்பதற்குத்தான் இந்தக் கட்டுரை.

என் பெரியம்மாவின் கதையையே எடுத்துக்கொள்கிறேன். வயது 74, கைம்பெண், களுவாஞ்சிக்குடிப் பக்கம். வீடும் வளவும் இன்றைய விலைக்கு 2 கோடி வரும் என்று வைப்போம். உறுதி உள்ள வயல் 3 ஏக்கர், படுவான்கரையில் அரசாங்க அனுமதிப்பத்திரத்தில் கிடைத்த பெர்மிட் வயல் 2 ஏக்கர், வங்கியில் கொஞ்சம் நிலையான வைப்பு. மூத்த மகன் ரொறன்ரோவில் கனேடியப் பிரசை. நடு மகள் லண்டனில். இளையவள் ஊரில் ஆசிரியை, அதே வீட்டில் தாயோடு இருக்கிறாள். வெளிநாட்டுப் பிள்ளைகள் இரண்டு பேரும் சொன்னது ஒன்றுதான்: "மூணு பேருக்கும் சமமா எழுதிப் போடுங்க அம்மா." கேட்க நல்லாத்தான் இருக்கிறது.

முதலில், சும்மா விட்டுவிட்டால் என்ன நடக்கும்? ரொறன்ரோ மகனுக்கு யாழ்ப்பாணத்து நண்பர் ஒருவர் தேசவழமையை விளக்கியிருக்கிறார். அது வடமாகாணத் தமிழருக்கான சட்டம். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இங்கே குடியிருப்பவர்களை அது தொடர்ந்து கட்டுப்படுத்தலாமே தவிர, மட்டக்களப்பு, அம்பாறைத் தமிழருக்கு அது பொருந்தாது. எங்களுக்கும் ஒரு காலத்தில் பெண்வழியில் சொத்து இறங்கும் முக்குவர் சட்டம் இருந்தது. 1876ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தோடு அது போய்விட்டது. இப்போது பொதுச் சட்டம்: கணவன் அல்லது மனைவி இருந்தால் அவருக்குப் பாதி, மிகுதிப் பாதி பிள்ளைகளுக்குச் சமமாக. பெரியம்மா தனி ஆள் என்பதால் மூன்று பிள்ளைகளுக்கும் மூன்றில் ஒன்று. காத்தான்குடி, கல்முனை, அக்கரைப்பற்று முஸ்லிம் குடும்பங்களுக்கு 1931இன் முஸ்லிம் வழியுரிமைச் சட்டம்: மகனுக்கு இரண்டு பங்கு என்றால் மகளுக்கு ஒரு பங்கு. ஆனால் வழக்கம் இன்னும் பழைய வழியில்தான் போகிறது. தமிழரோ முஸ்லிமோ, கிழக்கில் வீடு பெண்பிள்ளைக்கு. சட்டம் வேறு, வழக்கம் வேறு என்பதால்தான் இங்கே எழுதாமல் விட்டால் மற்ற இடங்களைவிடச் சண்டை கூட வருகிறது. இளையவள் "இது என் சீதன வீடு" என்று நினைத்துக்கொண்டு இருப்பாள். சட்டமோ மூன்றில் இரண்டு பங்கைக் கடல் கடந்து அனுப்பியிருக்கும்.

பிரியாப் பங்கு என்றால் வீட்டின் எந்தச் சுவரும் ஒருவருடைய சுவர் இல்லை. கூரைக்கு ஓடு மாற்றக் கடன் எடுக்கவும் மூன்று கையெழுத்து வேண்டும். பிரிவினை வழக்குக்குப் போனால் எத்தனை வருடம் என்று நான் சொல்ல மாட்டேன், நீங்களே அக்கம்பக்கம் கேளுங்கள்.

அடுத்தது, எங்கள் ஊரின் செல்லப்பிள்ளை: சீவிய உரித்து வைத்து நன்கொடை உறுதி. தாய் வீட்டை மகளுக்கு எழுதுவார், தான் சாகும்வரை இருக்கும் உரிமையைத் தனக்கு வைத்துக்கொள்வார். தாய் கண்மூடியதும் வழக்கும் இல்லை, நீதிமன்ற நிர்வாகக் கடிதமும் இல்லை. இறப்பு அத்தாட்சிப் பத்திரத்தைக் காட்டினால் வேலை முடிந்தது. செலவு முன்னாலேயே வரும். பொதுவாக நடைமுறையில் உள்ள முத்திரைத் தீர்வை, நன்கொடைக்கு முதல் 50,000 ரூபாவுக்கு 3 சதவீதம், மிகுதிக்கு 2 சதவீதம். 2 கோடி வீட்டுக்கு 4,00,500 ரூபா. நொத்தாரிசுக் கட்டணம் வேறு. இதையே விற்பனை உறுதியாக எழுதினால் முதல் இலட்சத்துக்கு 3, மிகுதிக்கு 4 என்று 7,99,000 ரூபா. தாய் மகளுக்கு "விற்றதாக" எழுதும் வழக்கமும் உண்டு. இரண்டு மடங்கு கொடுத்து வாங்கும் தலையிடி அது.

நன்கொடையின் கெடுதி, திரும்பி வர முடியாது என்பதே. பெற்றவர் ஏற்றுக்கொண்டு கையெழுத்திட்டுவிட்டால் மீளப்பெற இயலாத நன்கொடையை இரத்துச் செய்ய, 2017இன் 5ஆம் இலக்கச் சட்டத்தின்படி கொடிய நன்றிகேட்டைக் காட்டி நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும். முன்பெல்லாம் கோபம் வந்தால் நொத்தாரிசிடம் ஓடிவந்து இரத்து உறுதி எழுதியவர்களை நான் கண்டிருக்கிறேன். அந்தக் காலம் முடிந்தது. சீவிய உரித்து இருக்கிறது, வெளியே போகச் சொல்ல முடியாது, சரி. ஆனால் அவசர வைத்தியச் செலவுக்கு வளவில் ஒரு துண்டை விற்கவும் மகளின் கையெழுத்து வேண்டும். பெற்ற பிள்ளைதானே என்று சொல்வார்கள். பிள்ளை முந்திப் போய், மருமகனும் பேரப்பிள்ளைகளும் சொந்தக்காரர் ஆன வீட்டில் சீவிய உரித்தோடு இருந்த ஒரு அம்மாவை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் என்னவோ செய்கிறது.

மரண சாதனம் (உயில்) இதற்கு நேர் எதிர். எழுதும் நாளில் எதுவும் கைமாறாது, மனம் மாறினால் நாளைக்கே கிழித்து வேறு எழுதலாம். நொத்தாரிசு முன் இரண்டு சாட்சிகள் போதும். நொத்தாரிசு இல்லையென்றால் ஐந்து சாட்சிகள் வேண்டும். இது 1840ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்திலிருந்தே இருக்கும் விதி. கெடுதி பின்னால் வருகிறது: சாவுக்குப் பிறகு மாவட்ட நீதிமன்றத்தில் மரணசாதன வழக்கு, அறிவித்தல், செலவு, தவணை. எழுதியபடி சொத்தைப் பிரித்துக் கொடுக்கும் நிறைவேற்றுநராக ரொறன்ரோ மகனைப் போட்டால் ஒவ்வொரு தவணைக்கும் அவர் ஒருவருக்கு அற்றோணி (தனக்காகச் செயற்படும் அதிகாரம்) கொடுக்க வேண்டும். ஊரில் இருப்பவரையே போடுங்கள். ஒன்றை மறந்துவிடாதீர்கள்: உறுதி தொலைந்தால் காணிப் பதிவகத்தில் இணைப்பிரதி (இரண்டாம் பிரதி) இருக்கும். சுனாமியில் அலுமாரியோடு உறுதிகளைப் பறிகொடுத்த கல்லடி, நாவலடிச் சனங்களுக்கு அதுதான் கைகொடுத்தது. மரண சாதனத்துக்கு அப்படி இணைப்பிரதி போகாது. மூலப்பிரதி எங்கே இருக்கிறது என்று இரண்டு பேருக்காவது தெரிந்திருக்க வேண்டும்.

இனி வரி. இங்கேதான் எல்லோரும் தலைகீழாகப் பார்க்கிறார்கள். "எழுதினால் இங்கே எவ்வளவு வரி?" என்பதுதான் முதல் கேள்வியாக வரும். இலங்கையில் மரண வரி பல வருடங்களுக்கு முன்பே எடுபட்டுவிட்டது. 2023இல் ஐ.எம்.எஃப். உடன்பாட்டோடு நன்கொடை, மரபுரிமை வரிப் பேச்சு திரும்ப வந்தது. அதனால் உறுதி எழுதும் நாளில் நிலை என்ன என்று கட்டாயம் கேளுங்கள். இங்கே உண்மையில் கடிக்கக்கூடியது, விற்கும்போது வரும் மூலதன இலாப வரி. 2018 ஏப்ரலில் 10 சதவீதமாக வந்தது, தனியாட்களுக்கு 2025 ஏப்ரலிலிருந்து 15 சதவீதம். 2017 செப்டெம்பர் 30க்கு முன் வாங்கிய காணிக்கு அந்த நாள் சந்தை விலையையே அடக்கவிலையாக (இலாபம் பார்க்கக் கழிக்கும் விலையாக) எடுக்கலாம். தான் மூன்று வருடம் சொந்தமாக வைத்திருந்து, அதில் இரண்டு வருடமாவது குடியிருந்த பிரதான வீட்டை இங்கே வதிபவர் விற்றால் இந்த வரி இல்லை. பெரியம்மா உயிரோடு இருக்கும்போது தன் வீட்டைத் தானே விற்றால் இலாப வரி இல்லை. அதே வீடு ரொறன்ரோ மகன் கைக்குப் போய் அவர் விற்றால் அவர் அங்கே குடியிருந்தவர் இல்லை. இலாபம் ஒரு கோடி என்றால் 15 இலட்சம். எப்படியும் விற்கப்போகும் வீடாக இருந்தால், பிள்ளைகளுக்கு எழுதி அவர்கள் விற்பதைவிடத் தாயே விற்றுக் காசாகப் பிரிப்பது மலிவு.

அப்புறம் தாய் எங்கே இருப்பார்? "நான் இந்த வாசலிலதான் மனே சாவேன்" என்று பெரியம்மா சொன்னதோடு அந்தத் தெரிவு முடிந்தது. முடியாவிட்டாலும் காசு வெளியே போவது எளிதில்லை. குடிபெயர்ந்தவர்களின் முதுசக் காசு மூலதனக் கொடுக்கல்வாங்கல் ரூபாக் கணக்கு வழியாகத்தான் போகும். அதற்கு எல்லை உண்டு. 2020இலிருந்து அந்த எல்லையை அடிக்கடி மாற்றிக்கொண்டிருக்கிறார்கள். இப்போது காணி வாங்க யோசிக்கும், வெளிநாட்டில் வாழும் இரட்டைக் குடியுரிமைக்காரர் உள்முக முதலீட்டுக் கணக்கு வழியாகக் காசைக் கொண்டுவந்தால், பிறகு விற்ற காசைத் திருப்பி எடுக்கலாம். உண்டியலில் அனுப்பி வாங்கியவருக்கு அந்தக் கதவு இல்லை.

சரி, லண்டன் மகளுக்கு மூன்றில் ஒரு பங்கு எழுதினால்? வாங்கும் நாளில் அவளுக்கு அங்கே வரி இல்லை. தாய் பிரித்தானியாவில் வாழ்ந்தவர் இல்லை, காணி அங்கே இல்லை, ஆகவே அங்கத்தைய மரபுரிமை வரி தாயின் சாவைத் தொடாது. கனடாவிலும் முதுசம் பெறுவதற்கென்று வரி கிடையாது. இதோடு எல்லோரும் நிம்மதியாகத் தேத்தண்ணி குடிக்கப் போய்விடுகிறார்கள். கதை அடுத்த நாள்தான் தொடங்குகிறது. அன்றிலிருந்து வளவின் வாடகை, வயல் குத்தகை எல்லாம் அவர்கள் அங்கே காட்ட வேண்டிய வருமானம். கனடாவில் தனிப்பட்ட பாவனைக்கு இல்லாத வெளிநாட்டுச் சொத்துகளின் அடக்கவிலை ஒரு இலட்சம் கனேடிய டொலரைத் தாண்டினால் வருடாவருடம் ரீ 1135 படிவம். மறந்தால் நாளொன்றுக்கு 25 டொலர், 2,500 வரை தண்டம். முதுசமாக வந்த காணிக்கு அடக்கவிலை என்பது வந்த நாளின் சந்தை விலை. அதனால் அந்த நாளைய மதிப்பீட்டு அறிக்கையை இங்கே ஒரு பட்டய மதிப்பீட்டாளரிடம் எடுத்து வையுங்கள். பத்து வருடம் கழித்துத் தேடினால் ஆளும் இருக்காது, விலையும் நினைவிருக்காது. சுவிஸில் இருப்பவர்களுக்கு இங்குள்ள காணிக்கு அங்கே வரி இல்லை. ஆனால் வரி வீதத்தைக் கணக்கிட அதைச் சேர்ப்பார்கள் என்பதால் பத்திரத்தில் காட்டியே ஆக வேண்டும்.

நான் பயப்படுவது திருப்பிக் கொடுக்கும் நாளுக்கு. ஐந்து வருடம் கழித்து லண்டன்காரி மனம் இளகி, "என் பங்கைத் தங்கச்சியே வைத்துக்கொள்ளட்டும்" என்கிறாள். ஒரு சதமும் கைமாறவில்லை. ஆனால் பிரித்தானியா அதைச் சந்தை விலைக்குக் கைமாற்றியதாகவே பார்க்கும். இடையில் விலை ஏறியிருந்தால் இலாப வரி 18 அல்லது 24 சதவீதம். அதோடு, அங்கே கடந்த 20 வரி வருடத்தில் 10 வருடம் வாழ்ந்தவருக்கு 2025 ஏப்ரலிலிருந்து உலகச் சொத்து முழுவதும் மரபுரிமை வரிக் கணக்கில் வரும். கொடுத்து ஏழு வருடத்துக்குள் இறந்தால் கொடுத்ததும் சேரும். வரியில்லா எல்லை 325,000 பவுண், 2009இலிருந்து அசையவில்லை. அதற்கு மேல் 40 சதவீதம். லண்டனில் சொந்த வீடு உள்ள பலருக்கு அந்த எல்லை வீட்டோடு தீர்ந்துவிடும். கனடாவும் நன்கொடையைச் சந்தை விலைக்கு விற்றதாகவே எடுத்து, இலாபத்தில் பாதியை வருமானத்தில் சேர்க்கும். ஆகவே பாசத்துக்காகப் பங்கு எழுதி, பாசத்துக்காக அது திரும்பி வந்தால், இரண்டாவது பாசத்துக்கு வரி. யார் கடைசியில் வைத்திருக்கப்போகிறாரோ அவருக்கு நேராகத் தாயே எழுதிவிட்டால் இந்தச் சிக்கல் எதுவும் இல்லை.

குடியுரிமையும் ஒரு கேள்வி. கனேடியப் பிரசையானதோடு மகனின் இலங்கைக் குடியுரிமை தானாகவே போய்விட்டது. இரட்டைக் குடியுரிமை எடுக்காதவரை 2014இன் 38ஆம் இலக்கச் சட்டத்துக்கு அவர் வெளிநாட்டவர், இங்கே காணி வாங்க முடியாது. ஆனால் அதே சட்டம், உரித்தாளியாக வரக்கூடிய நெருங்கிய உறவினர் வெளிநாட்டவராக இருந்தாலும் முதுசமாகவோ நன்கொடையாகவோ மரண சாதனத்தாலோ பெறுவதை அனுமதிக்கிறது. மகனுக்கு எழுதலாம். மருமகளுக்கு எழுத முடியாது. உயிரோடு இருக்கும் மகனைத் தாண்டி ரொறன்ரோவில் பிறந்த பேரனுக்கு நேராக எழுதுவதும் சிக்கல், அந்தப் பேரன் இலங்கைப் பிரசையாகப் பதியப்பட்டிருந்தால் ஒழிய. தங்கையின் பங்கை அண்ணன் பின்னால் காசு கொடுத்து வாங்கலாம் என்ற எண்ணமும், இரட்டைக் குடியுரிமை இல்லையென்றால் நடக்காது.

பெர்மிட் வயலை வேண்டுமென்றே கடைசிக்கு வைத்தேன், ஏனென்றால் கல்லோயா தொடக்கம் வெல்லாவெளி வரை அதிகம் பிழைக்கும் இடம் இதுதான். 1935இன் காணி அபிவிருத்திச் சட்டக் காணியை மரண சாதனத்தில் எழுதினால் அது வெறும் கடதாசி. மூன்றாகப் பிரிக்கவும் முடியாது. பிரதேச செயலகத்தில் பின்னுரித்தாளி ஒருவரை நியமித்து, அதைக் காணிப் பதிவகத்தில் பதிய வேண்டும். உயிரோடு இருக்கும்போதே பதிய வேண்டும். நியமிக்காமல் விட்டால் சட்டத்தின் அட்டவணை வரிசையில் ஒரே ஒருவருக்குப் போகும். முன்பு அந்த வரிசையில் ஆண்பிள்ளைகள் முந்தினார்கள், 2022இல் அந்தப் பேதம் நீங்கியது. நியமிக்கப்பட்டவர் ஆறு மாதத்துக்குள் காணியில் இறங்காவிட்டால் உரிமை தவறிவிடும். மூத்தவர் என்ற மரியாதைக்காக ரொறன்ரோ மகனை நியமித்தால், பனிக்காலத்தில் சாவு விழுந்தால், அவர் விடுமுறை எடுத்து வந்து வரம்பில் நிற்பதற்குள் ஆறு மாதம் ஓடிவிடும்.

அற்றோணித் தத்துவத்தை மட்டும் நம்பி இருப்பவர்களுக்கு ஒரு வரி: கொடுத்தவர் செத்த அன்றே அதுவும் செத்துவிடும். அது பராமரிப்புக்கு நல்லது, முதுசத்துக்கு உதவாது. நம்பிக்கைப் பொறுப்பு (ட்ரஸ்ட்), கம்பனி என்று கொழும்பில் சொல்லும் வழிகள் ஒரு வளவுக்கும் ஐந்து ஏக்கருக்கும் தேவையில்லை என்பது என் எண்ணம்.

இதுவரை சொன்னது தாய் ஊரில் இருக்கும் குடும்பத்துக்கு. காணிக்காரரே வெளிநாட்டில் இருந்தால் கணக்கு மாறும். லண்டனில் முப்பது வருடம் இருந்து, ஓய்வுக்கென்று கல்லடியில் வீடு கட்டியவர் எங்கள் வழக்கப்படி சீவிய உரித்து வைத்து மகளுக்கு எழுதினால், பிரித்தானியா அதைக் கொடுத்ததாகவே ஏற்காது. தானே அனுபவித்துக்கொண்டிருப்பதால் இறக்கும்போது சொத்துக் கணக்கில் சேர்க்கும். ஊரில் முதல் தரமான அந்த உறுதி, அவருக்கு வீண் முத்திரைச் செலவு மட்டும்தான். திரும்பி வந்து இங்கேயே குடியிருந்தாலும் அங்கு வாழ்ந்த காலத்தைப் பொறுத்து 3 முதல் 10 வருடம் அந்த வரி பின்னால் வரும். இவருக்கு மரண சாதனம்தான் சரி, அதுவும் நாட்டுக்கு ஒன்றாக இரண்டு. லண்டன் மரண சாதனத்தில் "இதற்கு முந்திய அனைத்தையும் இரத்துச் செய்கிறேன்" என்று அச்சில் வரும் ஒரு வரி, இங்கே எழுதியதையும் சேர்த்து இரத்துச் செய்துவிடும். பின்னால் எழுதுவதில் "அந்த நாட்டுச் சொத்துக்கு மட்டும்" என்று போடச் சொல்லுங்கள். இங்கே காணி வைத்துக்கொண்டு கனடா போனவர்கள் இன்னொன்றையும் தேடி எடுக்கலாம்: அங்கே குடியேறிய நாளில் இங்குள்ள காணியின் சந்தை விலை. அவர்களுக்கு அடக்கவிலை அதுதான், வாங்கிய விலை இல்லை.

பெரியம்மா வீட்டில் என்ன நடந்தது? வீடு, சீவிய உரித்தோடு இளையவளுக்கு நன்கொடை. ஊர் வழக்கமும் அதுதான், கணக்கும் அதுதான் என்பதால் ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. உறுதி வயல் மரண சாதனத்தில், மூத்தவருக்கும் நடு மகளுக்கும். இதில் எனக்கு உடன்பாடு இல்லை, விற்றுக் காசாகக் கொடுக்கும்படி நிறைவேற்றுநருக்கு எழுதியிருக்கலாம் என்றேன். "அப்பாவின் வயல்" என்று மகன் நின்றுவிட்டார். மரண சாதனம்தானே, மாற்ற இன்னும் காலம் இருக்கிறது. வங்கி வைப்புக்கு லண்டன் மகள் நியமனதாரர். பெர்மிட் வயலுக்கு இளையவளை நியமிப்பதாகப் பேச்சு. அந்தப் படிவம் மட்டும் இன்னும் பிரதேச செயலகத்துக்குப் போகவில்லை, மகன் அடுத்த ஆடிக்கு வந்ததும் கொடுப்பார்களாம். அந்தப் படிவத்துக்கு மகனின் கையெழுத்தே தேவையில்லை.